உழைத்துப் பயிலும் மாணவர் கட்டும் இரட்டை வரி

சென்னைக்குப் படிக்க வரும் தமிழ் இளைஞருள் இரு வகையினர் உளர். பெற்றோர் அனுப்பும் பணத்தில் தங்கிப் படிப்போர் ஒரு வகையினர். தாமே உழைத்து, அவ்வுழைப்பில் உண்டு, மிச்சம் பிடித்ததை ஊருக்கும் அனுப்பிக்கொண்டு படிப்போர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினரைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம். தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்று நாம் எழுப்பும் குரலின் முழுப்பொருளும் இவர்கள் வாழ்க்கையில்தான் அடங்கியிருக்கின்றது.

இவர்களைக் காணாதார் யார்? விடியுமுன் செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்து மிதிவண்டியில் ஏற்றுபவன். தியாகராயநகர்த் துணிக்கடையில் மாலை முழுதும் நின்றபடியே புடைவை விரித்துக் காட்டுபவள். கோயம்பேட்டுச் சந்தையில் கூடைக் கணக்கு எழுதுபவன். திருமணக் கூடங்களில் பந்தி பரிமாறுபவன். முதுகில் உணவுப் பெட்டியைச் சுமந்து தெருத்தெருவாய் வண்டியில் அலைபவன். இவர்களுள் பலர் கல்லூரி மாணவர். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் முற்பகல், பிற்பகல் என இரு சுழற்சிகளாக வகுப்புகள் நடப்பதால், அரை நாள் படிப்பும் அரை நாள் வேலையும் இயல்கின்றன. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. கட்டணமில்லாப் பேருந்து அட்டையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு 2022ஆம் ஆண்டிலும், மாணவர்க்கு 2024ஆம் ஆண்டிலும், திங்களுக்கு 1,000 உருபா வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. இவை வரவேற்கத் தக்கவையே. எனினும், நால்வர் பகிர்ந்து தங்கும் அறையின் வாடகைப் பங்கிற்கே அத்தொகை போதாத நகர் இது. எஞ்சிய அனைத்தையும் அம்மாணவரின் கைகால்களே ஈடுசெய்கின்றன.

அத்தகைய மாணவன் ஒருவனின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். உறக்கத்திற்கு 6 மணி நேரம், கல்லூரிக்கு 5, வேலைக்கு 6, தாம்பரத்திலோ ஆவடியிலோ தங்கி மின்தொடர்வண்டியிலும் பேருந்திலும் போய்வர 3, சமைக்க, உண்ண, குளிக்க, துணி துவைக்க 2. ஆக 22 மணி நேரம் கழிந்தது. தானே அமர்ந்து படிப்பதற்கென அவனுக்கு எஞ்சுவது 2 மணி நேரமே.

அந்த 2 மணி நேரத்தை நம் கல்வி முறை என்ன செய்கின்றது? பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்து வந்தவன் கையில் ஆங்கில நூலைக் கொடுக்கின்றது. முதல் ஒரு மணி நேரம் அகரமுதலியைப் புரட்டுவதில் போகின்றது. அடுத்த ஒரு மணி நேரம், பொருள் விளங்காத வரிகளை நெட்டுருச் செய்வதில் போகின்றது. பாடத்தின் உள்ளே நுழைவதற்கு அவனுக்கு நேரம் எங்கே? மழலை வகுப்பு முதலே ஆங்கிலத்தில் வளர்க்கப்பெற்ற செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ, அதே 2 மணி நேரமும் பாடத்திற்கே பயன்படுகின்றது. இருவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஒரே தேர்வை எழுதுகின்றனர். பின்னர் ஒருவனை அறிவாளி என்றும் மற்றவனை மந்தன் என்றும் மதிப்பெண் பட்டியல் முத்திரை குத்துகின்றது. ஏழை மாணவன் தன் கல்விக்கு முதல் வரியை உழைப்பாகக் கட்டுகின்றான். இரண்டாம் வரியை வேற்றுமொழிக்குத் தன் நேரமாகக் கட்டுகின்றான். இவ்விரட்டை வரியைத் தாங்க இயலாமல் இடையில் நின்றுபோகும் பிள்ளையை நாம் சோம்பேறி என்கின்றோம். இதனினும் கொடுமை உண்டா?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். பொருளியல் வகுப்பில், விலை மாறும்பொழுது தேவை எந்த அளவிற்கு மாறுகின்றது என்பதைத் தேவை நெகிழ்ச்சி என்னும் தலைப்பில் கற்பிப்பர். கோயம்பேட்டில் கணக்கெழுதும் மாணவனுக்கு இதைக் கற்பிக்கவே வேண்டியதில்லை. கத்தரிக்காய் விலை ஏறிய நாளில், இரண்டு கூடை எடுப்பவர் ஒரு கூடையோடு போய்விடுகின்றார் என்பதை அவன் நாள்தோறும் காண்கின்றான். வெங்காயம் இன்றிச் சமையல் நடவாது ஆதலின், அதன் விலை ஏறினாலும் வாங்குவோர் அவ்வளவாகக் குறைவதில்லை என்பதையும் அறிவான். ஆசிரியர் இதனைத் தமிழில் சொன்னால், வகுப்பிலேயே முதலில் கையுயர்த்துபவன் அவனாகத்தான் இருப்பான். ஆங்கிலத்தில் வாய்பாடாக வரும்பொழுதோ, தன் பட்டறிவிற்கும் தன் பாடத்திற்கும் தொடர்பு இருப்பதே அவனுக்குத் தெரியாமற் போகின்றது. உழைப்பு அவனுக்குக் கொடுத்த அறிவையும் பயிற்றுமொழி பறித்துக்கொள்கின்றது.

'ஆங்கிலம் இன்றி வேலை கிடைக்குமா?' என்று கேட்பவர் உளர். ஆங்கிலத்தைக் கற்பது வேறு. அனைத்தையும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பது வேறு. ஆங்கிலத்தை ஒரு மொழியாக, நல்ல ஆசிரியரைக் கொண்டு, பேசவும் எழுதவும் வருமாறு கற்பியுங்கள், எவரும் மறுக்கவில்லை. இன்றுள்ள முறையிலோ ஆங்கிலமும் வருவதில்லை, பாடமும் வருவதில்லை.

'தமிழில் இயலுமா?' என்பது அடுத்த வினா. இதற்கு விடை நூறாண்டுகளுக்கு முன்னரே கிடைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். வேற்று நாட்டான் ஒருவனுக்கு இயன்றது நமக்கு இயலாதா? தமிழ்நாட்டரசும் 1960களிலேயே கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அதே ஆண்டில், தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. ஆனால் 2023ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகமே தன் உறுப்புக் கல்லூரிகளில் அத்தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்த பின்னரே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தொடங்குவதில் உள்ள ஆர்வம் காப்பதில் இல்லை. நூல், ஆசிரியர், வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் தராமல் வாயிலை மட்டும் திறந்து வைத்துவிட்டு, 'மாணவர் வரவில்லை' என்று கூறுவது முறையாகாது.

1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் கல்லூரி மாணவர்களே. அவர்கள் தடுத்து நிறுத்தியது ஒரு மொழியின் திணிப்பை. அவர்தம் வகுப்பறையில் அமர்ந்திருந்த மற்றொரு மொழியின் ஆட்சியோ இன்றும் பேரளவில் அப்படியே இருக்கின்றது. அப்பணியை முடிக்க வேண்டியவர்கள் நாம்.

என் செய்ய வேண்டும்? ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும், இரு சுழற்சிகளிலும், எல்லாப் பாடப்பிரிவுகளையும் தமிழ்வழியில் கற்கும் வாய்ப்பை அரசு உறுதிசெய்ய வேண்டும். கடை உரிமையாளர்களாகிய தமிழர், படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலத்தில் நேரத்தைத் தளர்த்த வேண்டும். கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என 2021ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற சட்டத் திருத்தத்தை ஏட்டளவில் நிறுத்தாது நிறைவேற்ற வேண்டும்.

நம் இயக்க அன்பர்க்கும் கடமை உண்டு. கணினி, கணிப்பொறி என ஒரே பொருளுக்கு நூலுக்கொரு சொல் வழங்கினால், 2 மணி நேரம் மட்டுமே உடைய மாணவன் என் செய்வான்? நம் சொல்லாக்க வாதங்களை நமக்குள் முடித்துக்கொண்டு, அவன் கையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைக் கொடுப்போம். பட்டம் பெற்ற அன்பர்கள் ஞாயிறுதோறும் 2 மணி நேரம் ஒதுக்குங்கள். அண்ணாசாலையில் பாவாணர் பெயரால் ஒரு நூலகம் இருக்கின்றது, கன்னிமாரா இருக்கின்றது, கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கின்றது. அவற்றை நடுவாகக் கொண்டு, உழைத்துப் படிக்கும் பிள்ளைகளைத் தேடிக் கூட்டி, அவரவர் பாடத்தைத் தமிழில் விளக்குங்கள். தமிழ் வாழ்க என்று எழுதிய பலகையைத் தூக்குவதினும் இது கடினம். ஆயினும் பயன் பெரிது.

உழைத்துப் பயிலும் தம்பி, தங்கையரே! நீங்கள் கையேந்தி நிற்பவர் அல்லர். உங்கள் கல்விக்கு உங்கள் வியர்வையை விலையாகக் கொடுப்பவர். உங்கள் ஊதியத்தில் ஒரு காசு குறைந்தால் கேட்கின்றீர்கள் அல்லவா? உங்கள் நேரத்தைக் களவாடும் முறையையும் அவ்வாறே கேளுங்கள். தமிழில் கேட்பதற்கும் தமிழில் எழுதுவதற்கும் நாணாதீர்கள். அந்த 2 மணி நேரம் உங்களுடையது. அதனை உங்களுக்கே மீட்டுத் தரும் வரை நமக்கு ஓய்வில்லை.