விடுதலை கிடைக்கிறது, நஷ்டஈடு எங்கே?

குற்றவாளியைப் பிடிப்பது போலீசாரின் கடமை. அதற்காகத்தான் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம். ஆனால், குற்றமற்றவனைப் பிடித்து அடைத்துவிட்டால்? "சரி, வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

சென்னை–பெங்களூர் சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது பென்னலூர். இந்த வட்டாரத்தில் ஒரகடம் வரை எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். விடிந்தால் ஷிப்டு பஸ்கள் வரிசை வரிசையாக ஓடும். இங்கே ஒரு தொழிலாளி ஒரு நாள் லாக்கப்பில் இருந்தால் அன்றைய கூலி போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளியானால் வேலையே போகலாம். வாடகை வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஊரில் தங்கைக்குப் பேசிய வரன் தட்டிப்போகும்.

2024 செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கிய சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. அக்டோபர் 8-ந் தேதி இரவு தொழிலாளர்கள் சிலர் கைதானார்கள். சட்டப்படி எடுத்த நடவடிக்கை என்றது போலீஸ் தரப்பு. மிரட்டுவதற்கென்றே செய்த கைது என்றது தொழிற்சங்கம். ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. கைதானவர்கள் விடுதலையானார்கள்.

எந்தத் தரப்பு சரி என்பது இங்கே கேள்வி அல்ல. ஆள் வெளியே வந்துவிட்டால் ஆட்கொணர்வு மனுவின் வேலை முடிந்துவிடும். போன கூலிக்கும், பட்ட அடிக்கும், கெட்ட பெயருக்கும் அது பதில் சொல்லாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

ஆயிரம் ரூபாய்ச் சட்டம்

வழி இருக்கிறதா? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 399-வது பிரிவைப் பாருங்கள். காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் மாஜிஸ்திரேட்டு நஷ்டஈடு விதிக்கலாம். எவ்வளவு? 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது! அதையும் கொடுக்க வேண்டியவர் கைது செய்ய வைத்த ஆள்தான், சர்க்கார் அல்ல.

சர்க்கார் மீது சிவில் வழக்குப் போடலாம். அதற்கு முதலில் இரண்டு மாத நோட்டீசு கொடுக்க வேண்டும். பிறகு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

1947-ல் மீரட் நகரில் ஒரு நகை வியாபாரியைப் போலீசார் பிடித்தார்கள். அவருடைய தங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதை ஒரு தலைமைக் காவலரே சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. சர்க்கார் பொறுப்பில்லை என்று 1964-ல் தீர்ப்பு வந்தது! இதற்குச் சட்டசபைகள் சட்டம் செய்ய வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். 1960-களில் பார்லிமெண்டில் மசோதா வந்தது; சட்டமாகாமலே மறைந்தது.

பிறகு சுப்ரீம் கோர்ட்டே வழிகாட்டியது. 1985-ல், சட்டசபைக்குப் போகவிடாமல் அடைக்கப்பட்ட காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்குக்கு 50,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 1993-ல் நீலாவதி பெஹரா வழக்கில், அடிப்படை உரிமை பறிபோன இடத்தில் சர்க்கார் தப்பிக்க முடியாது என்று அடித்துச் சொன்னது. 1994-ல் பொய்யான உளவு வழக்கில் கைதான விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-ல் 50 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. 2025-ல் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு தர ஐகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் ஒருவர் எம்.எல்.ஏ.; ஒருவர் விஞ்ஞானி. மற்ற இரண்டு வழக்கிலும் நியாயம் கிடைப்பதற்குள் உயிரே போய்விட்டது. உயிரோடு திரும்பிய சாதாரண ஷிப்டு தொழிலாளிக்கு என்ன வழி?

செய்ய வேண்டியது

அமெரிக்காவில், உரிமையைப் பறித்த அதிகாரி மீதே வழக்குப் போட 1871-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் தடைகள் உண்டு. ஆனாலும் வாசல் ஒன்று இருக்கிறது.

நமக்கும் ஒரு சட்டம் வேண்டும். தவறான கைதுக்கும் அடிதடிக்கும் அந்தந்த ஊர்க் கோர்ட்டிலேயே, குறித்த கெடுவுக்குள் நஷ்டஈடு கிடைக்க வேண்டும். முதலில் சர்க்கார் கொடுக்கட்டும். பிறகு தவறு செய்த அதிகாரியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். ஆயிரம் ரூபாய் வரம்பு ஒழியட்டும்.

இது போலீசாருக்கு விரோதமான யோசனை அல்ல. விதிப்படி நடக்கும் காவலருக்கு இதனால் ஒரு காசு நஷ்டமில்லை. விதியை மீறுகிறவருக்குத்தான் கை நீளுமுன் கணக்கு ஞாபகம் வரும். வரட்டுமே!