தொங்கும் கன்னமும் தூக்கும் யந்திரமும்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலை வேளையில் உலாவ வருகிறவர்கள் இரண்டு வகை. டாக்டர் பயமுறுத்தியதால் நடப்பவர்கள் ஒரு வகை; வீட்டு நிலைக்கண்ணாடி பயமுறுத்தியதால் நடப்பவர்கள் மற்றொரு வகை. 2019-ஆம் வருஷத்தில் ஏரியைச் சீர்திருத்திப் பசுமைப் பூங்காவும் நடைபாதையும் அமைத்த நாளிலிருந்து இரு சாராரும் அங்கே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். கூழைக்கடாக்கள் மட்டும் எவ்விதக் கவலையுமின்றித் தண்ணீரில் மிதக்கின்றன. தாடைக்குக் கீழே ஒரு பையே தொங்குகிறதே என்று அந்தப் பட்சி ஒரு நாளும் வருந்தியதாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் புதல்வியும் என்னுடன் உலாவ வந்தாள். வயது இருபத்தாறு. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முன்பெல்லாம் கொழுகொழுவென்று இருந்த பெண், ஏழு மாதத்தில் 22 கிலோ இளைத்திருந்தாள். ஒரு சுற்று நடந்து முடிவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை எனக்கு முகம் தூக்கப் போகிறார்கள், மாமா."

நான் திடுக்கிட்டு நின்றேன். பல்லக்குத் தூக்குவார்கள், காவடி தூக்குவார்கள், குதிரை வாகனத்தைத் தோளிலே தூக்குவார்கள். முகத்தை எப்படி அம்மா தூக்குவது?

"கத்தி கிடையாது, தையல் கிடையாது. ஒரு யந்திரத்தைக் கன்னத்தில் வைத்து வைத்து எடுப்பார்கள். ஆறு தடவை போக வேண்டும். பணத்தை மாதத் தவணையில் கட்டலாம். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன்."

கேட்டதும் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அவள் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தாறு வயதில் ஒரு பெண் தன் முகத்தைப் பார்த்து அஞ்சுகிறாள் என்றால் அது கேலிக்குரிய விஷயமல்ல. ஆகவே அன்றிரவு முதல் சில நாட்கள் இந்தச் சாஸ்திரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வாசகர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருக்கக்கூடும். ஆதலால் அறிந்ததைச் சொல்கிறேன்.

நமது சருமத்தின் அடித்தட்டில் கொலாஜன் என்னும் புரத இழைகள் பாய் முடைந்தாற்போல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் ஊடே எலாஸ்டின் என்னும் மற்றோர் இழை, இழுத்து விட்டால் பழையபடி சுருங்கிக் கொள்ளும் சக்தியைக் கொடுக்கிறது. யௌவனம் தாண்டிய பிறகு கொலாஜன் வருஷத்துக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்கு வீதம் குறைந்து வருவதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்குப்படி இருபத்தாறு வயதில் யாருடைய முகமும் தொங்க வேண்டிய அவசியமில்லை. பிறவியிலேயே இழை பழுதாயிருப்பவர்கள் வெகு வெகு சிலர். மற்றவர்களுக்குத் தொங்குவதாகத் தோன்றினால், வயதல்லாத வேறு காரணம் ஏதோ இருக்கிறது என்றே அர்த்தம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் யந்திரத்தை வைப்பது, ஓடு எங்கே உடைந்திருக்கிறது என்று பாராமல் சுவருக்கு வெள்ளையடிப்பதற்குச் சமானம்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மாத்திரம் திடீரென்று தொங்கினாலோ, வாய் கோணினாலோ, கண் மூட மறுத்தாலோ, அது அழகைப் பற்றிய விஷயமே அல்ல. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

என் மருமகளிடம் முதலில் பிடிபட்ட குற்றவாளி அவளுடைய கைபேசி. அதில் தன்னைத் தானே படம் பிடித்துப் பார்த்துத்தான் அவள் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறாள். ஓரடி தூரத்தில் பிடித்த படத்தில், ஐந்தடி தூரத்தில் பிடித்ததைக் காட்டிலும், மூக்கு ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க வைத்தியர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூக்கு பருத்தால் கன்னம் ஒட்டித்தானே தோன்றும்? நாம் அந்தப் படத்தை நம்புகிறோம். எதிரே நின்று பார்க்கும் தாயாரின் கண்ணை நம்புவதில்லை.

ஆயினும் பழி முழுவதையும் கைபேசியின் மேல் போட்டுவிட முடியாது. ஒரு நாள் லீவு போடச் சொல்லி அவளைச் சென்னையில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் சரும நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிரிவு உண்டு என்பதும், ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருந்தால் காசு கொடுக்காமலே தேர்ந்த டாக்டர்களைப் பார்க்கலாம் என்பதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவதேயில்லை. அங்கிருந்த டாக்டரம்மாள் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இரவில் என்ன பூசுகிறாய்?" என்றுதான் முதலில் கேட்டார்.

மருமகள் கைப்பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்தாள். தோழி சொன்னாளாம், நிறம் கொடுக்கும் என்று; மருந்துக் கடையில் கேட்டவுடன் கொடுத்தார்களாம்; இரண்டு வருஷமாய்ப் பூசி வருகிறாளாம். டாக்டரம்மாள் குழாயில் இருந்த பொடி எழுத்துக்களைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது.

இந்த ஸ்டீராய்டுக் களிம்பு தக்க நோய்க்குத் தக்க அளவில், சில நாட்களுக்கு மட்டும் உபயோகித்தால் அருமையான மருந்து. சிவப்பு நிறத்துக்கு ஆசைப்பட்டு மாதக் கணக்கில் முகத்தில் பூசினாலோ, கொலாஜனை அரித்துத் தோலைக் காகிதம் போல் மெலியச் செய்கிறது. உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. பருவும் மயிரும் புறப்படுகின்றன. நமது தேசத்துச் சரும வைத்தியர்களின் சங்கம் இதை எதிர்த்து வெகு காலமாய்ப் போராடி வருகிறது. 2018-இல் இந்திய சர்க்கார் இத்தகைய களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் டில்லியில் இருக்கிறது. குழாய் என் மருமகளின் கைப்பையில் இருந்தது. கறுப்பாயிருப்பது ஒரு வியாதி என்று நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள், அந்த வியாதிக்கு மருந்தென்று விற்றது இதுதான்! இதை ஒரே நாளில் நிறுத்தினால் முகம் சிவந்து வாரக் கணக்கில் எரியக்கூடும். அதற்குப் பயந்தே பலர் மறுபடியும் பூசுகிறார்கள். ஆகையால் டாக்டர் சொல்லும் முறைப்படிதான் விட வேண்டும்.

மற்றொரு காரணம் ஏழு மாதப் பட்டினி. கன்னத்தின் செழுமை தோலினால் வருவதல்ல. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு மெத்தையினால் வருவது. அதை அவசரமாய்க் கரைத்தால் உறை பெரிதாகவும் தலையணை சிறிதாகவும் ஆகிவிடுகிறது. 2025-ஆம் வருஷம் மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று உடல் இளைப்பதற்கான ஊசிகள் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. நீரிழிவும் அதிக ஸ்தூலமும் உள்ளவர்களுக்கு அவை பெரிய உபகாரம் செய்கின்றன. ஆனால் வேகமாய் இளைப்பவர்களின் முகம் ஒட்டிப்போவதும் அவற்றின் கூடவே வருகிறது. என் மருமகள் ஊசி போட்டுக் கொண்டவளல்ல. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியவள். பலன் ஒன்றுதான். "எடை இதற்கு மேல் குறைய வேண்டாம், பருப்பும் முட்டையும் தயிரும் வேளை தவறாமல் சாப்பிடு. உன் வயதில் தோல் தானாகவே ஓரளவு சுருங்கி ஒட்டிக் கொள்ளும், அதற்குச் சில மாதமாவது அவகாசம் கொடு" என்றார் டாக்டரம்மாள்.

இனி வெயில். சித்திரை வைகாசியில் நம் சென்னைச் சுற்றுப்புறத்தில் நடுப்பகலின் புற ஊதாக் கதிர் அளவு 11-ஐத் தாண்டுகிறது; உலக சுகாதார ஸ்தாபனத்தின் அட்டவணையில் அதுதான் கடைசிப் படி. இக்கதிரில் ஒரு வகை கண்ணாடியையும் ஊடுருவி வந்து கொலாஜனை அறுக்கும். 28 வருஷம் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் 2012-இல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் கிழவருடையது. வலது கன்னம் வேறொருவருடையது என்று சொல்லலாம் போலிருந்தது. நம் நாட்டில் டிரைவர் வலப் பக்கம் உட்காருகிறவர். எந்தக் கன்னத்துக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லி ரோட்டில் ஸ்கூட்டரில் போகும் பெண்கள் துப்பட்டாவினால் முகத்தை முழுவதும் சுற்றிக் கொள்வதைப் பார்த்துக் கொள்ளைக்காரி வேஷம் என்று நான் பரிகசித்ததுண்டு. அந்தப் பரிகாசத்தை இப்போது வாபஸ் வாங்கிக் கொள்கிறேன். துணி மறைக்காத இடத்துக்கு வெயில் தடுப்புக் களிம்பு. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, தினந்தோறும். ஆஸ்திரேலியாவில் 900 பேருக்கு மேற்பட்டவர்களை நாலரை வருஷம் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினமும் இதைப் பூசியவர்களின் தோலில் முதுமைக் குறி அதிகமாகவில்லை என்று கண்டார்கள். பீடி சிகரெட் பிடிக்கும் பிள்ளைகளுக்கு எந்தக் களிம்பும் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

இரவுக் களிம்புகளில் ஆதாரத்தோடு நிற்பது வைட்டமின் 'ஏ'யைச் சேர்ந்த டிரெட்டினாயின். முகப்பருவுக்காக வந்த மருந்து இது. பூசிக் கொண்ட ஸ்திரீகள் முகச் சுருக்கமும் குறைந்ததாகச் சொல்லக் கேட்டு, அமெரிக்க வைத்தியர் ஆல்பர்ட் கிளிக்மன் 1986-இல் அதை நிரூபித்தார். (இந்த மனிதர் பிலடெல்பியா சிறைக் கைதிகளின் உடம்பில் பல வருஷம் பரீட்சைகள் நடத்தியவர், அந்தக் கதை அழகானதல்ல.) பலன் தெரியப் பல மாதம் ஆகும், ஆரம்பத்தில் தோல் உரியும், கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் தொடக் கூடாது. கல்யாணப் பெண்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். என் மருமகளின் களிம்பிலும் இதே மருந்து ஸ்டீராய்டுடன் கூடிக் கலந்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

யந்திரங்களுக்கு வருவோம். அவை மோசடியல்ல. ரேடியோ அலையைக் கொண்டோ, நுண்ணிய ஒலி அலையைக் கொண்டோ தோலின் உட்புறத்தைச் சூடாக்குகிறார்கள். ஒலி அலை யந்திரம் நாலரை மில்லிமீட்டர் ஆழம் வரையில் சென்று 60 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறது. அந்தச் சூட்டில் பழைய கொலாஜன் சுருங்குகிறது. பிறகு மூன்று முதல் ஆறு மாதத்தில் புதியது ஊறுகிறது. ஒலிக்கு நிறபேதம் கிடையாதாகையால் நம்முடைய மாநிற மேனிக்கு அது ஒத்துக் கொள்ளும். தோலைச் சுட்டு எடுக்கும் சில லேசர்களோ வெள்ளைக்காரத் தோலில் பழுதின்றி ஆறிவிடுவது போல் நம் தோலில் ஆறுவதில்லை. கருந்தழும்பை விட்டுச் செல்லும். எப்படியிருந்தாலும் பலன் மிதமானது. லேசான தளர்ச்சியைச் சற்று இறுக்கும். கொழுப்பில்லாமல் குழிந்த கன்னத்தை மேலும் சூடாக்கினால் மிச்சமிருக்கும் மெத்தையும் கரையக்கூடும். என் மருமகளுக்குச் செய்யவிருந்தது அதுதான்!

குழியை நிரப்ப ஹயலூரானிக் அமிலம் என்னும் பசையை ஊசியால் ஏற்றுவதும் உண்டு. மாட்டின் கண்ணிலிருந்து 1934-இல் முதன்முதலாய்ப் பிரித்தெடுத்த பொருள் அது. கைதேர்ந்தவர் செய்தால் நன்றாயிருக்கும். பிடிக்காவிட்டால் மற்றோர் ஊசியால் கரைத்தும் விடலாம். ஆனால் ரத்தக் குழாயில் தப்பிப் புகுந்தால் கண் பார்வையே போன சம்பவங்கள் உண்டு. போடாக்ஸ் தசையைத் தளர்த்துமேயல்லாது தோலைத் தூக்காது. முகப் பயிற்சியைப் பற்றி 2018-இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. முதல் எட்டு வாரம் தினம் அரை மணி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆக மொத்தம் இருபது வாரம். நாற்பது வயதைத் தாண்டிய 27 பெண்மணிகள் ஆரம்பித்து 16 பேர் முடித்தார்கள். பார்வைக்குச் சுமார் மூன்று வயது குறைந்தது. செலவில்லாத வித்தை, பொறுமைதான் வேண்டும்.

யார் கையால் செய்து கொள்கிறோம் என்பதே இதிலெல்லாம் உயிர்நிலை. 2016-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே படித்துக் கொண்டிருந்த 22 வயது மாணவர் ஒருவர், தலையில் முடி நடுவதற்காக நகரில் ஓர் இடத்துக்குப் போனார். அது சிகை அலங்காரக் கடைக்கான லைசென்ஸில் நடந்து வந்த இடம் என்று பிற்பாடு தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு உடம்பு கெட்டு அந்தப் பிள்ளை இறந்து போனார். வைத்தியம் படித்தவருக்கே அப்படி நேர்ந்தது. ஆகவே கதவில் எழுதியிருக்கும் பெயரைவிட, உள்ளே இருப்பவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர்தானா, சரும வைத்தியத்தில் பட்டம் பெற்றவர்தானா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

சனிக்கிழமை யந்திரத்துக்கு என் மருமகள் போகவில்லை. களிம்பைக் குறைக்க ஆரம்பித்த இரண்டாவது வாரம் முகம் தக்காளி போல் சிவந்து, இரண்டு நாள் ஆபீஸுக்கும் போகாமல் அழுதாள். இப்போது சிவப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கன்னம் நிரம்பிவிட்டதா என்றால், இன்னும் இல்லை. தை மாதத்துக்குள் நிரம்புமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு தோசை சாப்பிடுகிறாள்.

முன்பணம் பத்தாயிரத்தைத் திருப்பிக் கேட்கப் போனோம். கொடுத்த பணத்தைத் திருப்பும் வழக்கமில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, வேண்டுமானால் அதே தொகைக்கு எனக்கு முகம் தூக்குவதாகச் சொன்னார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுத வேண்டிய மனுவும் தயாராய் மேஜைமேல் இருக்கிறது.