எந்த லொறியில் பழகட்டும்?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்களுக்கான வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். உக்குவளைப் பக்கமிருந்து வரும் ஒரு தாய் மட்டும் எழுந்து போகாமல் இருந்தார். கையில் கைக்குட்டையில் முடிந்த ஒரு சிறிய பொட்டலம்.

"ஹஸரத், எங்கட மகன் லொறி லைசன் எடுக்கப் போறாராம். எடுத்த எடுப்பிலேயே பத்துச் சக்கர லொறியில பழகினா வெளிநாட்டுக்கும் போகலாம் என்று கூட்டாளிமார் சொல்றாங்களாம். அதுக்குக் காசு கூட. இந்தக் காப்பு ரெண்டையும் ஈடு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவருடைய கணவர் பல வருடம் லொறி ஓட்டியவர். சீனி வியாதியால் காலில் புண் வந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். அந்தப் பொட்டலத்தில் இருந்தது இரண்டு காப்பு மட்டுமல்ல, அந்த வீட்டின் கடைசிச் சேமிப்பு.

கிதாபு ஓதிய எனக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் என் நானா இருபது வருடத்துக்கு மேல் லொறி ஓட்டியவர். "அடுத்த கிழமை சொல்கிறேன்" என்று அந்தத் தாயை அனுப்பிவிட்டு, இரவே நானாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதையும் நான் விசாரித்து அறிந்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் லொறி லைசன் என்பது ஒன்றல்ல, மூன்று. 3500 கிலோவுக்கு மேல் 17000 கிலோ வரையுள்ள லொறிக்கு 'சீ 1' என்ற வகுப்பு. 17000 கிலோவுக்கு மேற்பட்டதற்கு 'சீ'. கண்டைனர் போன்று பின்னால் பெரிய இழுவை பூட்டியதற்கு 'சீ ஈ'. இந்த எடை வெறும் வண்டியின் எடையல்ல. வண்டியும் அது ஏற்றக்கூடிய முழுச் சுமையும் சேர்ந்த மொத்த எடை. பரீட்சைக்கு எந்த வகை வண்டியைக் கொண்டுபோகிறாரோ, அதைப் பொறுத்தே மகனுக்கு வகுப்புக் கிடைக்கும். ஆகவே எந்த வண்டியில் பழகுவது என்பது சின்ன விஷயமல்ல. காசு கட்டுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியது.

அப்படியானால் எதைத் தெரிவுசெய்வது? நானா திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "லைசன் கிடைத்த மறுநாள் அவருக்கு யார் வண்டி கொடுப்பார்கள்?"

சிந்தித்துப் பாருங்கள். 1999-ல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறந்ததிலிருந்து நம் மாவட்டத்து இளைஞர்கள் பலருக்கு லொறிதான் சோறு போடுகிறது. அங்கே மரக்கறி ஏற்ற நிற்பவற்றில் எல்ஃபும் கென்டரும் எத்தனை! ரத்தோட்டைப் பக்கமிருந்து மிளகும் கராம்பும் கொண்டு வருவதும், மாத்தளைக் கடைகளுக்குச் சாமான் இறக்குவதும் பெரும்பாலும் இத்தகைய லொறிகளே. இவற்றில் பெரும்பாலானவை 'சீ 1'-க்குள் அடங்கிவிடும். பத்துச் சக்கர லொறி கோடிக்கணக்கில் விலை. அதை நேற்று லைசன் எடுத்த பிள்ளையின் கையில் எந்த முதலாளியும் இலேசில் கொடுக்கமாட்டார். பெரிய லைசனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சின்ன லொறிக்கும் பழக்கமில்லாமல் நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் பாதுகாப்பு. எல்ஃப் போன்ற சிறிய லொறியின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். பெரிய லொறிக்குக் காற்று பிரேக். தாங்கியில் போதிய காற்று ஏறாமல் அந்த வண்டியை எடுக்கவே கூடாது. இறக்கத்தில் சும்மா சும்மா மிதித்தால் காற்றுக் குறைந்துவிடும். இரண்டு வகையிலும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பலகடுவையில் ஏறி மாத்தளைக்கு இறங்கும் அந்த வளைவுகள் உங்களுக்குத் தெரியும். அங்கே சுமையோடு இறங்குபவர் ஆரம்பத்திலேயே சிறிய கியருக்கு மாற்றி, இஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே ஒடித்து வரும். வண்டி நீளமானால் இந்த ஒடிப்பும் கூடும். ஓரத்தில் நடந்து போகும் பாடசாலைப் பிள்ளைக்கு ஆபத்து அங்கேதான். இதெல்லாம் வாயால் சொல்லி வருவதல்ல, கைக்கும் காலுக்கும் பழகி வரவேண்டியது. சின்ன லொறியில் பழகியதன் மேல் பெரிய லொறியைப் பழகினால் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு.

"படிப்படியாகப் போனால் இரண்டு தடவை செலவாகுமே" என்பீர்கள். உண்மைதான். இங்கிலாந்திலும் அப்படித்தான் யோசித்தார்கள். டிரைவர்கள் போதாமல் சரக்கு தேங்கியபோது, 2021 நவம்பரில் சட்டத்தை மாற்றி, தனி லொறிப் பரீட்சை எழுதாமலே நேரே இழுவை லொறிப் பரீட்சைக்குப் போகலாம் என்றார்கள். காலமும் காசும் மிச்சம். ஆனால் அங்கே வேலை காத்திருந்தது. உங்கள் மகனுக்கும் பெரிய லொறியோடு ஒரு முதலாளி காத்திருந்து, பக்கத்தில் ஓர் அனுபவசாலியையும் அமர்த்துவாரானால், தாராளமாக 'சீ'-யில் பழகட்டும். வெளிநாடு என்ற பேச்சை மட்டும் நம்பி வேண்டாம். எடைக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் இலகுரக வாகன லைசனோடு 7500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பிள்ளை இங்கே வந்தால் நம் சட்டம்தான். வளைகுடாவுக்குப் போனால் அவர்களுடைய சட்டம்தான்.

நம் முன்னோர் செய்ததும் இந்தத் தொழில்தானே! கண்டி மன்னர் காலத்தில் மடிகே என்ற பொதிமாட்டுப் பகுதியில் முஸ்லிம்கள் பணிசெய்தார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. மாட்டின் பலம் பார்த்தே அன்று பொதி ஏற்றினார்கள். ஊராரின் பொருளும் பாதையில் போவோரின் உயிரும் டிரைவரின் கையில் அமானிதம். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயிடம் இப்படிச் சொன்னேன்: "காப்பை ஈடு வைத்து வட்டியில் விழவேண்டாம் தாத்தா. முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மகனின் வைத்தியச் சான்றிதழை எடுங்கள். கண்பார்வையில் குறை இருந்தால் மற்றச் செலவுக்கு முன்பே தெரிந்துவிடும். பிறகு 'சீ 1'-க்குக் கியர் லொறியில் பழகட்டும். தேவையானால் ஒரு காப்பை மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். மற்றது 'சீ' எடுக்கும் நாளுக்கு இருக்கட்டும்."

நீங்களும் காசு கட்டுமுன் பழக்குபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த லொறி எந்த வகுப்பைச் சேர்ந்தது? ஏற்ற இறக்கத்தில் எத்தனை நாள் ஓட்ட விடுவீர்கள்? பழக்குபவர் கடைசிவரை பக்கத்தில் இருப்பாரா? பழகாமலே லைசன் எடுத்துத் தருகிறேன் என்று தரகர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது இலஞ்சம். அதைவிட, பலகடுவை இறக்கத்தில் உங்கள் மகனுக்கு அந்தத் தரகர் பிரேக் மிதிக்க வரமாட்டார்.

அந்த மகன் இப்போது 'சீ 1' பழகுகிறார். மாலையில் வீட்டுத் திண்ணையில் வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வளைவில் எந்தக் கியர் என்று கேட்கிறாராம். காசு கொடுத்தும் கிடைக்காத வாத்தியார் வீட்டிலேயே இருந்ததை அவர் இப்போதுதான் கண்டுகொண்டார். ஒரு காப்பு இன்னும் உம்மாவின் கையில் இருக்கிறது.