ஏலேலோ பாட்டுக்கு மேடை உண்டா?

தூத்துக்குடிக் கடற்கரையில் முன்பெல்லாம் அடிக்கடி ஒரு பாட்டுக் கேட்கும். அது கரைவலை இழுப்போர் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் "ஏலேலோ!" என்று சேர்ந்து பாடிக் கயிற்றை இழுப்பார்கள். அதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர்.

இந்தப் பாட்டைச் சங்கீத சபையில் பாடலாமா? "கூடவே கூடாது" என்பார்கள் சிலர். பாடத்தான் வேண்டும் என்பது நம் கட்சி.

கியூபாவின் மேளம்

அமெரிக்காவுக்குத் தெற்கே கியூபா என்று ஒரு தீவு இருக்கிறது. கரும்பு விளையும் பூமி. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலில் கொண்டு வந்தார்கள். 1886-ல்தான் அங்கே அடிமை முறை ஒழிந்தது.

அந்த ஏழை மக்கள் கொண்டு வந்த சொத்து, அவர்களுடைய பாட்டும் தாளமுமே. ஒருவர் பாட, பலர் பதில் பாடுவார்கள். ஆம், நம் அம்பாவைப் போலவே! ஆனால் பெரிய மனிதர்கள் அந்த மேளத்தை இழிவாக நினைத்தார்கள். தெருவில் அடிக்கத் தடைகூடப் போட்டார்கள்.

அமதேயோ ரோல்தான் என்ற பிடில் வித்வான் அப்படி நினைக்கவில்லை. ஐரோப்பாவில், சிறிய கூடத்தில் சில பேர் மட்டும் அமர்ந்து வாசிக்கும் கச்சேரி உண்டு. அந்த முறையில் அவர் 1930-ல் 'ரித்மிகாஸ்' என்ற ஆறு உருப்படிகளை அமைத்தார். முதல் நான்கில் பியானோவும் ஊது வாத்தியங்களும் உண்டு. கடைசி இரண்டில் தாள வாத்தியங்கள் மட்டுமே! தெருவில் ஒலித்த மேளம், மேடையின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

எட்டயபுரத்துப் பிடில்

நம் தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரமும் இப்படி ஓர் அதிசயத்தைக் கண்ட ஊர்தான்.

பிடில் வெள்ளைக்காரர் வாத்தியம். பாலுசுவாமி தீட்சிதர் அதைச் சென்னையில் கற்று, நம் ராகங்களை அதில் வாசித்தார். பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனார். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ, வெள்ளைக்காரரின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல்கள் இயற்றினார். 1835-ல் அவர் காலமானதும் எட்டயபுரத்தில்தான்.

இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரி அபூர்வம். கடல் தாண்டி வந்த வாத்தியத்துக்கு ஆசனம் கொடுத்தோம். நம் கடற்கரையில் பிறந்த பாட்டுக்கு ஒரு பாய் விரிக்கக் கூடாதா?

சங்கீதம் கெட்டுவிடுமா?

"சங்கீதம் கெட்டுவிடும்" என்று பயப்படுகிறவர்கள் காவடிச் சிந்தை நினைத்துப் பார்க்கட்டும். காவடி எடுத்து நடப்பவர்களின் நடைக்கு ஏற்ற மெட்டு அது. அண்ணாமலை ரெட்டியார் இயற்றிய சிந்துகளை வித்வான்கள் மேடையில் பாடுகிறார்கள். சங்கீதம் கெட்டா போயிற்று?

எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியாரும் 'குயில் பாட்டு' நூலில், ஏற்றம் இறைப்போர் பாட்டுக்கும் நெல் குத்தும் பெண்கள் பாட்டுக்கும் மனம் பறிபோனதைக் குயிலின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

நாள் கடத்தலாகாது

1961-க்குப் பிறகு இந்தக் கடலில் பழையபடி பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. துடுப்புப் போட்ட இடத்தில் இயந்திரம் வந்தது. உழைப்பவர்களின் பாரம் குறைந்தது, அது நல்லதே. ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. தொழிலோடு வாழ்ந்த பாட்டு, இன்று முதியவர்களின் நினைவில்தான் ஒதுங்கி நிற்கிறது.

மேடை ஏற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மெட்டை உள்ளே அழைத்துக்கொண்டு, பாடிய மக்களை வாசலில் நிறுத்துவது நியாயமல்ல. அம்பா தெரிந்த பெரியவர்களையும் மேடையில் உட்கார வைக்க வேண்டும். அவர்களுக்கும் சன்மானம் கொடுக்க வேண்டும். யாரிடம் கற்றோம் என்பதைச் சபையில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கு அம்பா தெரியுமா? இன்று மாலையே பாடச் சொல்லிக் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் அதை எழுதி வைக்கட்டும்; கையிலுள்ள செல்போனில் பதிவும் செய்யட்டும். கடலில் முத்து குறைந்து போனது. கரையில் இருக்கும் முத்தையாவது காப்பாற்றுவோம்!