கடலைதானே, ஒண்ணும் பண்ணாது!

"கடலைதானே, ஒண்ணும் பண்ணாது, சாப்பிடு." கொலு பார்க்க வந்த குழந்தையின் கையில் சுண்டல் தொன்னையைத் திணித்தபடி சொல்லப்படும் வார்த்தை இது. குழந்தைக்குச் சிலியாக் நோய், கோதுமை ஆகவே ஆகாது என்று அதன் அம்மா வாசலிலேயே சொல்லியிருப்பார். கோதுமைக்கும் கொண்டைக்கடலைக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கார மாமி சிரிப்பார். மாமி மட்டுமல்ல, கடைக்காரர், சமையற்காரர், 'குளூட்டன் இல்லாத உணவுகள்' என்று பட்டியல் போடும் ஆரோக்கியப் பக்கக்காரர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். பட்டியலில் கடலை மாவுக்கு எப்போதும் முன்வரிசை இடம்.

தாவரவியல் மாமியின் கட்சிதான். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். கொண்டைக்கடலை பயறு வகை; அதில் அந்தப் புரதம் அறவே கிடையாது. சிலியாக் நோயாளியின் உடலுக்குள் குளூட்டன் போனால், நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. இது ஒவ்வாமை அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழக்கிக்கொள்கிற விஷயமும் அல்ல. கடலை இதில் எதையும் செய்யாது. ஆனால் தொன்னையில் இருப்பது வெறும் கடலை இல்லையே.

கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ. இவற்றோடு ஒரு சிட்டிகை பெருங்காயம். வில்லங்கம் அந்தச் சிட்டிகையில்தான். பெருங்காயம் ஒரு செடியின் வேரில் வடியும் பிசின். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் நமக்கு வருகிறது. சுத்தப் பிசினின் நெடி தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் கடைச் சரக்காக்குகிறார்கள். டப்பாவில் வரும் தூளும் சரி, கட்டியும் சரி, பெரும்பாலும் இந்தக் கூட்டுப் பெருங்காயமே. சில தயாரிப்புகளில் அந்த மாவு அரிசி மாவு. பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிக்கிறவர் யார்?

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம். மைதா ஒரு கிராமில் குளூட்டன் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கும். குழம்புக்கும் ரசத்துக்கும் சுண்டலுக்கும் தாராளமாக அரை ஸ்பூன், அதாவது ஒன்றரை கிராம் பெருங்காயம் போடுகிற வீடுகள் உண்டு. அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் பாத்திரத்துக்கு 60 மில்லிகிராம். நாலு பேர் பங்கு போட்டால் தலைக்கு 15. சாம்பார், ரசம், சுண்டல் என்று ஒரே நாளில் மூன்று முறை சேர்ந்தால் 45. சிலியாக் நோயாளிகளுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை இத்தாலிய மருத்துவர் கட்டாசியின் குழு 2007-இல் வெளியிட்டது. அந்த அளவே குடலைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. ஒரு துண்டு ரொட்டி தின்னாமலே, சப்பாத்திக் கல்லைக் கண்ணால் பார்க்காமலே, சுத்த அரிசிச் சோற்று வீட்டில் ஒருவர் அந்த எல்லையை நெருங்கிவிடலாம்.

சுண்டலாவது பரவாயில்லை. கடலை முழுசாக இருக்கிறது. மாவாகிவிட்டால் கதையே வேறு.

தெருமுனை மாவு மில்லில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒருவர் பத்துக் கிலோ கோதுமை கொண்டுவருகிறார். சப்பாத்தி மிருதுவாக வர அதிலேயே இரண்டு கை கொண்டைக்கடலை. அடுத்தவர் கடலைப்பருப்பு. இரண்டுக்கும் நடுவில் மில்காரர் செய்யும் சுத்தம், மெஷின் வாயில் கட்டிய துணிக்குழாயைக் கம்பால் நாலு தட்டு தட்டுவது. வரிசையில் நிற்கிறவர்கள் "முன்னாடி என்ன போட்டீங்க?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அது மிளகாய்க்குப் பயந்து, கேழ்வரகின் நிறத்துக்குப் பயந்து. மிளகாய் கலந்தால் நாக்கு சொல்லிவிடும், கேழ்வரகு கலந்தால் கண் சொல்லிவிடும். கோதுமை கலந்தால் சொல்ல ஆளில்லை. மேற்காசியாவில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய ஒரே காலத்தில் பயிரானவை கோதுமையும் கடலையும். வட இந்தியாவில் இரண்டையும் ஒரே வயலில் கலந்து விதைக்கும் வழக்கம் உண்டு, ஒன்றாக அரைத்து மிஸ்ஸி ரொட்டி தட்டும் வழக்கமும் உண்டு. அவ்வளவு பழைய சிநேகிதத்தை நாலு தட்டுத் தட்டிப் பிரித்துவிட முடியுமா?

ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லாவிட்டால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிடலாம் என்பது சர்வதேச உணவுத் தர நெறி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பும் அதுவே. 20 மில்லிகிராம் என்பது கால் கிராம் மைதா. ஒரு கிலோ கடலை மாவில் ஒரே ஒரு சிட்டிகை மைதா விழுந்தால் வரம்பு தாண்டியாயிற்று. துணிக்குழாய் மடிப்பில் அதைப்போலப் பல மடங்கு ஒட்டியிருக்கும்.

இதெல்லாம் நம் ஊர் மில்லின் லட்சணம், பாக்கெட் மாவில் பயமில்லை என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. டிரிஷியா தாம்சன் என்ற அமெரிக்க உணவியலாளரும் சகாக்களும், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத, ஆனால் அப்படி அச்சிடப்படாத 22 தானியம், விதை, மாவு வகைகளைக் கடையில் வாங்கிச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு பாக்கெட்டுகள் 20 என்ற வரம்பைத் தாண்டியிருந்தன. அதில் ஒரு சோயா மாவின் அளவு 2,900-க்கும் மேல். சோயாவும் கடலையைப் போலப் பயறு இனம்தான். 'சோயாதானே' என்று யாராவது அதையும் வாங்கிப் போயிருப்பார்கள்.

பஜ்ஜிக் கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைக்காய் பஜ்ஜியின் மாவு கடலை மாவுதான். அதே எண்ணெயில் சற்று முன் மைதா போண்டா குளித்தெழுந்திருக்கிறது, சமோசா மிதந்திருக்கிறது. கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் எரிந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. குளூட்டன் என்ன கிருமியா, சூட்டில் செத்துப்போக? பொதுச் சட்டியில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலை அமெரிக்க உணவகங்களில் வாங்கிச் சோதித்தபோது, 20 பொட்டலங்களில் 9-இல் குளூட்டன் தென்பட்டது.

தமிழ்நாட்டில் இந்த அலட்சியம் செழிக்க ஒரு காரணம் இருக்கிறது. நோய் இங்கே அரிது. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று 23,331 பேரைச் சோதித்தது. சிலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடம் இருந்தது, தென்னிந்தியாவில் 0.10. வடக்கே ஆய்வுக்குட்பட்டவர்கள் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார்கள், தெற்கே 25 கிராம். ஆக இங்குள்ள சமையற்காரருக்கு இந்த நோயாளியை ஆயுளில் ஒருமுறைகூடச் சந்திக்காமல் போக வாய்ப்புண்டு. சந்திக்கும்போது அவரைப் 'பிகு பண்ணுகிறவர்' என்று நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் இந்தப் 'பிகு' நமக்குப் புதிதா? டீக்கடையில் "முட்டை போண்டா போட்ட எண்ணெயா?" என்று கேட்டுவிட்டு வடையைத் தொடாமல் நகர்கிற சைவர்களை யாரும் பரிகாசம் செய்வதில்லை. கல்யாணப் பந்தியில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி வைக்கிறார்கள். கரண்டி மாறினால் பண்டம் மாறும் என்பது நம் அடுக்களைக்குத் தெரிந்த பாடம். குடல் புண்ணாகிற ஒரு குழந்தைக்கு மட்டும் அந்தப் பாடம் மறந்துபோகிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு மூடத்தனம் இருக்கிறது. நோய் தெரிந்த புதிதில் கடலை தின்று வயிறு ஊதிப்போனவர்கள், கடலையிலும் குளூட்டன் இருக்கிறது என்று முடிவுகட்டி அதையே விலக்கிவிடுகிறார்கள். ஊதவைப்பது ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். அவற்றைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடல் கிருமிகள் அவற்றைத் தின்று வாயுவாக்குகின்றன. இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பாதித் தொல்லை குறையும். நூறு கிராமுக்கு இருபது கிராம் அளவு புரதம், கூடவே இரும்பும் ஃபோலேட்டும் தருகிற பண்டம் கடலை. ரத்தசோகையோடு போராடும் சிலியாக் நோயாளி இதை விட்டுவிட்டு, விலை உயர்ந்த 'குளூட்டன் இல்லாத' மாவுச்சத்து பிஸ்கட்டைக் கடிப்பதில் என்ன லாபம்?

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்று பார்த்து வாங்கலாம். இல்லையென்றால் மாவு கலக்காத பால் பெருங்காயம், அதுவும் இல்லையென்றால் பெருங்காயமில்லாத சுண்டல். கடலையை முழுசாக வாங்கி முறத்தில் பரப்பினால் கல், குச்சியோடு எங்கோ ஒரு கோதுமை மணியும் தென்படலாம். ஒரு மணியின் எடை 40 மில்லிகிராம் அளவு, அதில் குளூட்டன் மூன்று மில்லிகிராம் தேறும். கிலோவுக்கு ஏழு மணி கிடந்தால் வரம்பு முடிந்தது. ஏழையும் விரலால் பொறுக்கிப் போட ஐந்து நிமிடம் ஆகுமா? மாவு வேண்டுமென்றால் கடலைப்பருப்பை இதேபோலப் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, கோதுமை படாத மிக்ஸி ஜாரில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். சல்லடையும் புதிதாக இருக்கட்டும். பழையதன் கம்பி இடுக்கில் போன மாதத்துச் சப்பாத்தி மாவு உட்கார்ந்திருக்கும்.