யாருக்கு மலிவு?

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்றனர் நம் முன்னோர். எலிக்கு வளை கிடைத்துவிட்டது. அது எவனிடமும் தவணை கட்ட வேண்டியதில்லை! மனிதனின் நிலை என்ன? விண்முட்டும் மாளிகைகளை எழுப்பும் கொத்தனாருக்கும், கல் சுமக்கும் சித்தாளுக்கும், தம் கரத்தால் எழுப்பிய சுவருக்குள்ளே ஓர் இரவு தலைசாய்க்க உரிமை உண்டா?

"வழி செய்துவிட்டோமே!" என்கின்றனர் டில்லியிலே வீற்றிருப்போர். என்ன வழி? மலிவு வீடு! 45 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வீடு, பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கும் பிற ஊர்களில் 90 சதுர மீட்டருக்கும் உட்பட்டதாயின், அது மலிவு வீடு என்று வகுத்தனர். கட்டப்பட்டு வரும் அத்தகைய வீட்டுக்குச் சரக்கு சேவை வரி 1 விழுக்காடே என்று 2019 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தினர். வரி குறைந்ததை நாம் குறைகூறவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: 45 லட்சம் யாருக்கு மலிவு?

கணக்குப் பார்ப்போம், தோழர்களே! 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்தை நலிந்த பிரிவு என்று குறித்தது அதே டில்லி. அதாவது, மாதம் 25,000 ரூபாய். அந்தக் குடும்பம் 45 லட்சம் ரூபாய் வீட்டை வாங்க முனைகிறது என்று கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு, 9 லட்சம், முன்பணமாக வேண்டும். மூன்றாண்டுகள் உண்ணாமல், உடுக்காமல், நோய்க்கு மருந்தும் வாங்காமல் சேர்த்தால் அது கிட்டும். மிச்சம் 36 லட்சத்துக்கு 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 32,400 ரூபாய். வருவதோ 25,000, கட்டவேண்டியதோ 32,400!

வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இந்த 'மலிவு' வீட்டை வாங்குவோன் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் ஈட்டவேண்டும். அத்திட்டத்திலே நடுத்தர வருமானப் பிரிவுக்கு இட்ட மேல்வரம்பே 9 லட்சம்தான்! நடுத்தரத்தையும் தாண்டியவனுக்கு எட்டுகிற கனியை மரத்திலே காட்டி, "பறித்துக்கொள், மலிவு!" என்று ஏழையிடம் கூறுவது ஆட்சியா, எள்ளி நகையாடலா?

பிழை எங்கே? விலையை அளந்தார்கள், வாங்குவோன் வருமானத்தை அளக்க மறந்தார்கள். நாடு முழுமைக்கும் ஒரே மரக்கால்! மும்பையின் நடுவே 45 லட்சத்துக்கு ஓர் அறை கிடைப்பதும் அரிது. பீகாரிலோ, தலா வருமானம் தமிழ்நாட்டினுடையதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. பாட்னாவில் உழைப்பவனுக்கு அதே 45 லட்சம் கனவிலும் எட்டாத தொகை. எண் ஒன்றே. அங்கே அது கேலி. இங்கே அது கொடுமை.

"வட்டாரத்துக்கு வட்டாரம் அளவுகோலை மாற்ற இயலுமா?" என்று கேட்பார்கள். இயலும்! 2023-இல் மகாராட்டிர அரசு கேட்டது. மும்பைப் பெருநகர்ப் பகுதிக்கு மட்டும் நலிந்த பிரிவினரின் வருமான வரம்பை 3 லட்சத்திலிருந்து 6 லட்சமாக உயர்த்த டில்லி இசைந்தது. அதனால் அங்கே வீட்டு விலை இறங்கிவிடவில்லை. ஆயினும், ஊரின் நிலையறிந்து அளக்கமுடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. மும்பைக்கு உள்ள நியாயம் மற்ற ஊர்களுக்கு ஏன் இல்லை?

"விலை குறைந்த ஊருக்குப் போய்க் குடியேறுங்களேன்" என்று உபதேசிப்போரும் உண்டு. விலை ஏன் குறைந்திருக்கிறது? அங்கே கூலி குறைவு. வேலை அதனினும் குறைவு. சென்னையிலே கிடைக்கும் ஊதியத்தைத் திருவாரூருக்குத் தூக்கிச்செல்ல முடியுமா? நீலகிரியைப் பாருங்கள்! கோடை வாசத்துக்கு வீடு தேடும் வெளியூர்ப் பணம் மனை விலையை ஏற்றுகிறது. தேயிலை பறிப்பவளின் கூலியோ அதனோடு சேர்ந்து ஏறுவதில்லை. சென்னையின் நடுவிலே வாழ்ந்த குடிசைவாழ் மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினர். ஆட்சிகள் மாறின, அந்த வழக்கம் மாறவில்லை. கூரை கிடைத்தது, பிழைப்போ பல கல் தொலைவில் நின்றுவிட்டது. பேருந்துக் கட்டணமும் சாலையிலே கரையும் பொழுதும், அந்த வீட்டின் விலையிலே சேராதா?

2012-இல் நடுவண் அரசு அமைத்த வல்லுநர் குழுவே கூறியது: நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் நலிந்தோருக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் உரியது. ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம்! ஆளில்லா வீடு ஒருபுறம்; வீடில்லா ஆள் மறுபுறம். செங்கல்லுக்கா பஞ்சம்? இல்லை, நெஞ்சில் நீதிக்குப் பஞ்சம்!

எனவே நாம் கேட்கிறோம்: மாவட்டந்தோறும் உழைப்போர் வருமானம் கணக்கிடப்படட்டும், அந்த வருமானத்திலிருந்து 'மலிவு' எது என்பது முடிவாகட்டும். வாங்க இயலாதோருக்கு, பொது நிலத்தில், வேலைக்கு அருகில், வாடகை வீடுகள் எழட்டும்.

தோழர்களே! உங்கள் கிளைக்குத் திரும்பியதும், பத்துக் குடும்பங்களின் மாத வருமானத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அவ்வூரின் வீட்டு விலையை எழுதுங்கள். தெருமுனைக் கூட்டத்தில் அந்தத் தாளைப் படித்துக்காட்டுங்கள். ஆயிரம் சொற்பொழிவு கூறாததை அந்த இரண்டு எண்கள் கூறும். விலையைக் காட்டி மயக்கியோர், வருமானத்தைக் காட்டிக் கேட்கும்போது விடை சொல்லியே தீரவேண்டும்!