சில நாள் ஆடிச் சென்றவர்கள்

மழைக்காலம் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் கால்பந்துப் பேச்சுக்குக் குறைவிராது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அன்று மாலை இலிஷ் மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் கிராக்கி ஏறும் என்பது இந்நகரத்தின் பழங்கணக்கு. மீன் கடைப் பக்கமே திரும்பாத நம் இல்லங்கள் பலவற்றிலும் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதை நாம் காண்கிறோம். பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்?" என்றுதான் மற்றப் பிள்ளைகள் கேட்கின்றனர். எங்கிருந்து வந்தாய் என்பதெல்லாம் அதற்குப் பிறகே.

அவ்வாறு ஒரு பக்கம் சேர்ந்த பிள்ளை, மூன்றாண்டு கழிந்து தகப்பனாருக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் நாகபுரிக்கோ விசாகப்பட்டினத்துக்கோ புறப்பட்டுவிடுகிறது. "நாங்கள் இரண்டு வருஷந்தான் இங்கே இருப்போம், எங்களுக்கு எதற்குச் சங்கமும் சந்தாவும்?" என்று தயங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். சில நாள் தங்கிப் போகிறவர்க்கு ஓர் ஊரில் என்ன பாத்தியதை இருக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுகையில், இந்நகரத்துப் பந்தாட்ட வரலாற்றிலிருந்து சிலர் நம் நினைவுக்கு வந்தனர்.

கார்டன் ரீச்சிலுள்ள ரயில்வே தலைமை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த நம்மவர், அதனை அடுத்துள்ள மேட்டியாப்ரூஸ் வட்டாரத்தை நன்கு அறிவர். அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா தம் அரசை ஆங்கிலேயரிடம் 1856இல் இழந்த பின்னர் வந்து குடியேறிய இடம் அது. இன்று தையற்காரர் தெருக்கள் நிறைந்தது. அங்கே 1904இல் பிறந்தவர் முகமது சலீம். பெரிய குடும்பமன்று. பல கழகங்களில் ஆடிப் பழகி, முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவில் வலக்கோடி முன்னணி ஆட்டக்காரராக நிலைபெற்றார். அக்குழு 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அதற்கு முன் அப்பட்டத்தை வென்ற இந்தியக் குழு ஒன்றுகூட இல்லை. ஒருமுறை வென்றதோடு நில்லாமல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அது பட்டத்தை விடாது வைத்திருந்தது.

பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்றுகொண்டிருந்த சீனக் குழு 1936இல் வழியில் இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடிற்று. கல்கத்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் சலீமின் திறத்தைக் கண்டவர் வியந்தனர். அடுத்த ஆட்டத்தில் அவரைக் காணோம். சீமையில் வாழ்ந்துவந்த உறவினர் ஒருவர் அப்போது இங்கு வந்திருந்தார். "இந்த ஆட்டத்தை ஐரோப்பாவில் ஆடிக் காட்ட வேண்டாமா?" என்று அவர் தூண்ட, இருவரும் கப்பலேறிவிட்டனர். கெய்ரோ வழியாக லண்டன் சேர்ந்து, அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை அடைந்தனர்.

கிளாஸ்கோவில் அவர்கள் நாடிச் சென்ற செல்டிக் கழகத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சமும் வறுமையும் துரத்த அயர்லாந்தை விட்டு வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஏழைகளின் பசி தீர்க்கப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃபிரிட் என்ற துறவி 1887இல் தொடங்கிவைத்த கழகம் அது. பிழைக்க வந்தவர்களின் குழு என்று சுருங்கச் சொல்லலாம். ஆயினும் சலீம் சென்றபோது அது எளிய குழுவன்று. அவ்வாண்டுதான் ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்றிருந்தது. கழகத்தின் நிர்வாகி வில்லி மேலி, 1897 முதல் அப்பொறுப்பில் இருந்த முதியவர். இந்தியாவிலிருந்து ஓர் ஆட்டக்காரர் வந்திருக்கிறார், சோதித்துப் பாருங்கள், ஆனால் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று உறவினர் சொன்னதும் மேலி சிரித்துவிட்டாராம். சிரித்தாலும் சந்தர்ப்பம் கொடுக்க மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வயதான, பெயர் கேட்டறியாத, பூட்ஸ் அணியாத அயல்நாட்டவரைச் சோதித்துப் பார்க்க எத்தனை பேர் இசைவர்?

வெறுங்கால் என்பது இங்கு வறுமையின் அடையாளம் மட்டுமன்று. உலர்ந்த தரையில் பந்தை விரலால் தொட்டு, தடவி, திருப்பி ஆடும் நுட்பம் அதனால் வந்தது. தரை நனைந்துவிட்டாலோ நிலைமை தலைகீழ். கால் வழுக்கும், பூட்ஸ் அணிந்தவன் கை ஓங்கும். முகமதன் குழுவினர் மழை நாட்களில் இலேசான பூட்ஸ் அணிந்து ஆடப் பழகியதே அவர்கள் வெற்றிக்கு ஒரு காரணம் என்று கூறுவர். இந்தியக் குழு 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடியபோதும் நம் வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலினரே. இரண்டு பெனால்டிகளை வீணாக்கி, 2-1 என்று அன்று தோற்றோம். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதற்கோல் இப்பெயரால் பதிவாகியிருப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

சலீமின் கதைக்குத் திரும்புவோம். செல்டிக் குழுவின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி, குனிந்து அமர்ந்து சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் புகைப்படம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சி நடந்த 1936ஆம் ஆண்டில், இந்தியர் ஒருவரின் காலடியில் வெள்ளைக்காரர் ஒருவர் அமர்ந்து பணிவிடை செய்யும் அந்தக் காட்சியைக் கல்கத்தாவில் கண்டிருக்க முடியாது. அரசியல் மேடைகளில் ஆயிரம் பேசியும் கிடைக்காத ஒரு பொருள் அப்படத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அக்கட்டுகளோடு சலீம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். முதற்குழுவின் பெரிய பந்தயங்கள் அல்ல. இரண்டாங்குழு ஆடும் அலையன்ஸ் லீக் ஆட்டங்கள். இதனைச் சிலர் மறைத்துப் பெரிதாக்கி எழுதுவதுண்டு. அவருக்கு அந்த அலங்காரம் தேவையில்லை என்பது நம் கருத்து. ஹாமில்டன் குழுவை எதிர்த்த ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது. பெனால்டி ஒன்றைச் சலீம் வெறுங்காலால் உதைத்துக் கோலாக்கினார். கால்ஸ்டன் குழுவை எதிர்த்த ஆட்டத்தில் வெற்றி 7-1. கால்விரல்களுக்கிடையே பந்து ஒட்டிக்கொண்டாற்போல ஓடும் விந்தையை ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் செப்பிடு வித்தைக்கு ஒப்பிட்டு எழுதின.

பிறகு நடந்தது என்ன? வீட்டு நினைவு அவரைப் பற்றிக்கொண்டது. அந்தப் பருவம் முடியும் வரையிலாவது இருக்கும்படி கழகத்தார் வேண்டினர். அவர் இசையவில்லை. அவருக்காக ஆடிய தர்ம ஆட்டமொன்றின் வசூலில் தமக்குரிய பங்கை அநாதைக் குழந்தைகளுக்கே கொடுத்துவிட்டார் என்பது அவர் குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. கப்பலேறி ஊர் திரும்பி, மீண்டும் முகமதன் குழுவில் ஆடத் தொடங்கினார்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் உதட்டைப் பிதுக்குவர். கைக்கு வந்த வாய்ப்பை விட்டுவிட்டாரே, இன்னும் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாகாதா என்பர். நாமோ அப்படிச் சொல்லத் துணியோம். முதன்முதல் ஹௌரா நிலையத்தில் இறங்கிய வாரத்தில், மொழி புரியாமல், காப்பிப்பொடி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், அடுத்த மெயிலிலேயே திரும்பிவிடலாமா என்று எண்ணாதவர் நம்முள் எத்தனை பேர்? நமக்காவது லேக் மார்க்கெட் இருந்தது; முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைத்தன; பேச நாலு தமிழர் இருந்தனர். அவருக்கு அந்தக் குளிர்நகரத்தில் உறவினர் ஒருவரைத் தவிர யார்? தங்கியது வீரம், திரும்பியது கோழைத்தனம் என்று பிரித்துவிடுவது எளிது. உள்ளே இருந்து பார்த்தவர்க்கே அதன் கனம் தெரியும்.

பல்லாண்டுகள் சென்றன. சலீம் முதுமையில் நோயுற்றுக் கிடந்தார். அவர் மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உதவி வேண்டுவதுபோல் எழுதினாலும், தம் தந்தையை அங்கே இன்னமும் யாரேனும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறிவதே அதன் உள்நோக்கம் என்று பின்னாளில் அவர் சொன்னார். இரண்டே ஆட்டங்கள் ஆடியவர். அவற்றைக் கண்டவருள் பெரும்பாலோர் மறைந்திருப்பர். விடை வராது என்றுதான் எவரும் எண்ணுவர். விடை வந்தது. உறைக்குள் நூறு பவுனுக்கு வங்கி டிராப்டு ஒன்றும் இருந்தது. மகன் அதனை மாற்றவேயில்லை. பணமாக அன்றி, தந்தையை மறவாதிருந்தமைக்குச் சாட்சியாக அதனைப் பாதுகாத்து வைத்துக்கொண்டார். சலீம் 1980இல் காலமானார்.

இக்காலத்தில் குறுகிய நாள் ஆட்டம் என்பது ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிடும் வியாபாரமாகிவிட்டது. இத்தாலியின் புகழ்பெற்ற டெல் பியரோ 2014இல் டில்லிக் குழுவுக்காகப் பத்து ஆட்டங்கள் ஆடி, ஒரே கோல் அடித்துச் சென்றார். அதே ஆண்டில் பிரேசில் நாட்டு எலானோ சென்னைக் குழுவுக்காக எட்டுக் கோல்கள் அடித்து, அப்போட்டியிலேயே மிகுதியாகக் கோல் அடித்தவர் என்ற பெயரைப் பெற்றார். பெயரைக் கேட்டுக் கூட்டம் சேர்வது வேறு; ஆட்டத்தைக் கண்டு மனம் ஒன்றுவது வேறு. சென்னையிலிருக்கும் உறவினரை விசாரித்தால் எலானோ எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதை ஆர்வத்தோடு சொல்வார்கள்.

கொல்கத்தாவின் பழைய ரசிகரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மஜீத் என்று ஒரே சொல்லில் விடை வரும். மஜீத் பிஷ்கர் ஈரான் நாட்டவர். குர்ரம்ஷஹர் நகரக் குழுவில் ஆடியவர். 1978 உலகக் கோப்பைக்குச் சென்ற ஈரான் அணியில் இடம்பெற்றவர். அலிகார் பல்கலைக் கழகத்துக்குப் படிக்க வந்த அவரையும் நண்பர் ஜம்ஷித் நசீரியையும் 1980இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தார் அழைத்து வந்தனர். கபாஜி என்ற மற்றோர் ஈரானியரும் உடன் வந்தார். பழைய ஆட்டக்காரர் பலர் விலகிப்போய்க் கழகம் வெறிச்சோடிக் கிடந்த வேளை அது. அந்நிலையிலும் அவ்வாண்டு ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடும், ரோவர்ஸ் கோப்பையை முகமதனோடும் ஈஸ்ட் பெங்கால் பகிர்ந்துகொண்டது. அதில் மஜீதின் பங்கு பெரிது.

இங்கே இவர் ஆடிக்கொண்டிருக்கையில் அங்கே போர் மூண்டது. குர்ரம்ஷஹர் 1980 அக்டோபரில் ஈராக் படையின் வசமாயிற்று. 1982 மே மாதத்தில்தான் மீட்கப்பட்டது. மைதானத்தில் பல்லாயிரவர் தம் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்க, தாம் பந்தாடிய ஊர் பாழாகிக் கிடக்கும் செய்தியைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்த இளைஞரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈஸ்ட் பெங்காலில் அவர் ஆடியது ஏறத்தாழ இரண்டே பருவங்கள். பின்னர் முகமதன் கழகத்துக்குச் சென்றார். ஆட்டம் விரைவிலேயே தேய்ந்தது. ஒருநாள் நாடு திரும்பினார். அதன் பிறகு இந்நகரத்துக்கு அவரைப் பற்றிப் பல்லாண்டு பேச்சுமூச்சில்லை.

ஜம்ஷித் போகவில்லை. இங்கேயே குடும்பம் நடத்தி, இந்நகரத்தவராகிவிட்டார். அவர் மகன் கியான் நசீரி கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. 2022 ஜனவரி 29ஆம் நாள் நடந்த ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, மூன்று கோல்கள் அடித்து வெற்றி தேடித் தந்தார். அடித்தது மோகன் பகான் பக்கம் நின்று. அடிபட்டது தகப்பனாரின் பழைய கழகமாகிய ஈஸ்ட் பெங்கால்! எந்தப் பக்கம் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தாமே விடை தேர்ந்துகொள்கிறார்கள் என்பதைப் பெற்றோர்கள் அறிவார்களாக.

போனவரைப் பற்றியும் ஒரு சொல். ஈஸ்ட் பெங்கால் கழகம் தன் நூற்றாண்டு விழாவுக்கு 2019 ஆகஸ்டில் மஜீதை ஈரானிலிருந்து வரவழைத்தது. விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. அவர் ஆடியபோது பிறந்தேயிராத இளைஞர்கள் கொடி பிடித்து நின்றனர். தகப்பனாரும் பாட்டனாரும் சொல்லக் கேட்டதன்றி அவர்கள் அவருடைய ஆட்டத்தைக் கண்டவரல்லர்.

1980, 81ஆம் ஆண்டுகளில் இந்நகரத்தில் வாழ்ந்து, ஈடன் தோட்டத்திலோ மைதானத்திலோ மஜீதின் ஆட்டத்தை நேரில் கண்ட அன்பர்கள் நம் சங்கத்தில் இருக்கக்கூடும். மாற்றலாகி வேற்றூர் சென்றவர்களும் இவ்விதழைப் பெற்றுவருகிறார்கள். தாம் கண்டதை ஒரு பக்கத்துக்கு மேற்போகாமல் எழுதி அனுப்பினால் அடுத்த திங்களில் இப்பகுதியிலேயே இடம் தருவோம். இங்கே எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பதைக் குறிக்க வேண்டியதில்லை.